காற்றாலை இறக்கை வாங்கப் போகிறவர்களுக்கு

மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு, ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் யானை பொம்மை என்று வார்த்தே தலை நரைத்தவன் நான். பட்டறைக்கு வரும் இளவட்டங்கள் இப்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்வி: "ஐயா, பழைய காத்தாடி றெக்கையை வாங்கி அரைச்சா லாபம் நிக்குமா?"

கேட்பதற்குக் காரணம் உண்டு. 1986ல் தூத்துக்குடிக் கடலோரம் 55 கிலோவாட் இயந்திரங்களோடு தொடங்கிய சங்கதி, 1990களில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு என்று பெருகியது. காற்றாலை நட்டவர் அதன் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாக வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அப்போது சலுகை இருந்தது. நூற்பாலைக்காரர்கள் போட்டி போட்டு நட்டார்கள். வரியும் மிச்சம், ஆலைக்கு மின்சாரமும் ஆச்சு. அந்த இயந்திரங்களுக்கு ஆயுள் 20, 25 ஆண்டு. அது முடிந்துவிட்டது. பழையதைக் கழற்றிவிட்டுப் பெரியதை நடுவதற்கு வழிசெய்து மத்திய அரசு 2023 டிசம்பரில் ஒரு கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு 2024ல் தன் கொள்கையைக் கொண்டுவந்தது. கோபுரம் இரும்புக் கடைக்குப் போகும். ஜெனரேட்டரில் செம்பு இருக்கிறது, அதற்கும் ஆள் இருக்கிறது. இறக்கைக்குத்தான் ஆள் இல்லை.

தம்பி தங்கைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. வாங்காதீர்கள்.

பழைய இரும்புக் கடைப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். கிலோ இவ்வளவு என்று கொடுத்து எடுப்போம், பிரிப்போம், கூட விலைக்குத் தள்ளுவோம். இறக்கையில் அந்தக் கணக்குத் தலைகீழ். கொடுப்பவர் உங்களுக்குக் காசு தர வேண்டும். டன்னுக்கு இவ்வளவு என்று அவரிடம் வாங்கிக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். இறக்கையின் எடையில் 60 முதல் 70 சதவீதம் கண்ணாடி இழை. கண்ணாடி இழைக்கு மூலப்பொருள் மணலும் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும். புது இழையே மலிவு. வெட்டி, ஏற்றி, அரைத்து, சலித்து நீங்கள் எடுக்கும் பழைய இழை புதிதைவிட வலு குறைந்தது, செலவோ கூட. கார்பன் இழையாக இருந்தால் கதை வேறு, அதன் விலைக்கு எரித்து எடுத்தாலும் கட்டும். நம் பக்கத்தில் இறங்கப்போகிற பழைய சின்ன இறக்கைகள் கண்ணாடி இழை ரகம். நிலத்தைக் காலி செய்து தரவேண்டிய கட்டாயம் காற்றாலை உரிமையாளருக்குத்தான், உங்களுக்கு இல்லை. பேரம் பேசும்போது இதை மறக்காதீர்கள். "சும்மா தர்றேன், எடுத்துட்டுப் போங்க" என்று ஒருவர் தாராளமாகச் சொன்னால், தன் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம்.

2. இது உருகாது.

மதுரைக்காரர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் தார்ச்சாலையில் சேர்த்துக் காட்டிய ஊர் இது. 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதனால் எந்தக் குப்பையைக் கண்டாலும் "ரோட்டுல போட்டுரலாம்ல?" என்று கேட்கும் தைரியம் நமக்கு வந்துவிட்டது. அவர் முறை என்னவென்று பாருங்கள்: 160, 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியில் துருவிய பிளாஸ்டிக் பையைத் தூவினால், அது இளகிக் கல்லின்மேல் தோலாகப் படிகிறது, அந்தத் தோலைத் தார் இறுக்கிப் பிடிக்கிறது. இளகுகிற பிளாஸ்டிக்குக்குத்தான் அது பலிக்கும். இறக்கையில் இருப்பது எபாக்ஸி அல்லது பாலியஸ்டர் ரெசின். ஹார்டனர் சேர்ந்து ஒருமுறை கெட்டிப்பட்டால் தீர்ந்தது. வெல்லத்தை மறுபடி பாகாக்கலாம். வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாது. சூடேற்றினால் இறக்கை இளகாது, கருகும். தாரில் கொட்டினால் வெறும் தூளாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

இழையும் ரெசினும் மட்டும் என்று எண்ணாதீர்கள். நடுவில் பால்சா மரமோ பி.வி.சி. நுரையோ வைத்திருப்பார்கள். இடிதாங்கிக்கு உலோகக் கம்பி ஓடும். அடிப்பகுதியில் எஃகு போல்ட்டுகள் புதைந்திருக்கும். மேலே ஜெல்கோட், பெயிண்ட். வெட்டும்போது மூக்கில் ஏறும் இனிப்பு வாடை அடித்தால் பாலியஸ்டர். ஸ்டைரீன் வாடை அது, எத்தனை வருஷமானாலும் போகாது. ஃபைபர் பட்டறையில் ஒரு வாரம் நின்றவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

3. கடைசியில் எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பெரிய அளவில் இறக்கையை விழுங்கக்கூடிய வாய் நம் பக்கத்தில் ஒன்றுதான்: சிமென்ட் சூளை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில், இப்படி இறுகிப்போன பிளாஸ்டிக்கை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்படிதான் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த வழிகாட்டுதல் கைகாட்டுவதும் சிமென்ட் சூளையைத்தான். கோ-பிராசஸிங் என்பார்கள்.

வேலை நடப்பது இப்படி. சூளைக்குள் 1450 டிகிரி. ரெசின் எரிந்து சூடு தருகிறது, அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். கண்ணாடியில் இருப்பது சிலிக்கா, கால்சியம், அலுமினா. மூன்றும் கிளிங்கருக்கு, அதாவது சிமென்ட்டாக அரைபடும் கட்டிக்கு, வேண்டிய சரக்குதான். ஆகவே எரிந்த பிறகு சாம்பலைத் தனியாக எங்கும் கொட்ட வேண்டாம், சாம்பலே சிமென்ட்டாகிவிடுகிறது. ஜெர்மனியில் ப்ரெமன் பக்கம் வெட்டிக் கலந்து, லேகர்டார்ஃப் சூளையில் பல வருஷம் இப்படிச் செய்தார்கள். அமெரிக்காவில் 2020ல் ஜி.இ.யும் வியோலியாவும் சேர்ந்து இதைத் தொடங்கின.

ஆனால் சூளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கமாட்டார். பழைய கண்ணாடி இழையில் போரான் உண்டு. அது கூடினால் சிமென்ட் இறுகுவது தாமதமாகும், ஆரம்ப வலு குறையும். பி.வி.சி. நுரையில் குளோரின் உண்டு. அது சூளைக் குழாய்களில் படிந்து அடைக்கும். ஆகவே நுரையைப் பிரித்துவிட்டு, போல்ட்டையும் கம்பியையும் எடுத்துவிட்டு, ஒரே அளவுத் துண்டாக, ஆய்வகச் சோதனைச் சீட்டோடு போனால் உட்காரச் சொல்லிப் பேசுவார். சூடு என்று பார்த்தால் ஒரு கிலோ இறக்கை நம் ஊர் நிலக்கரியைவிடக் குறைவாகத்தான் தரும். அதனால் விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவரே உங்களிடம் கட்டணம் கேட்டாலும் ஆச்சரியமில்லை. அந்தக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் நீங்கள் காற்றாலைக்காரரிடம் கேட்கும் தொகையை வைக்க வேண்டும்.

4. களத்தை மதுரையில் போடாதீர்கள்.

மதுரைக்காரன் சொல்லக் கூடாத பேச்சுதான். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கயத்தாறு இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர், ஆரல்வாய்மொழி அதற்கும் நூறு கிலோமீட்டர் தெற்கே. சூளைகளோ விருதுநகரைத் தாண்டி ஆர்.ஆர். நகர், ஆலங்குளம், திருநெல்வேலிக்கு முன்னால் தாழையூத்து. ஆண்டிபட்டி, தேனிப் பக்கத்துச் சரக்குக்கு வேண்டுமானால் வடக்கே திண்டுக்கல் மாவட்டத்துக் கரிக்காலி. தெற்கேயிருந்து நான்குவழிச் சாலையில் மதுரை வரை ஏற்றிவந்து, வெட்டி, மறுபடி தெற்கே அனுப்புவது டீசலுக்கு அழுவது. இறக்கை உள்ளே வெற்றிடம். முழுசாக ஏற்றினால் டிரெய்லரில் பாதி வெறும் காற்று. வெட்டும் களம் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் இருக்கட்டும். பொருள் செய்து விற்கும் பட்டறை மட்டும் கப்பலூரிலோ கே. புதூரிலோ இருந்தால் போதும்.

5. பருவம் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று சீசன். அப்போது ஓடுகிற இயந்திரத்தை எவரும் கழற்றமாட்டார், அதுதான் அவருக்கு அறுவடை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கோவில்பட்டி, கயத்தாறு கரிசல் நனைந்தால் கிரேன் இறங்காது, இறங்கினால் ஏறாது. நிலம் காய்ந்தபின் மிச்சம் தையிலிருந்து சித்திரை வரை. அந்த நாலு மாதத்தில் சரக்கு மொத்தமும் வந்து குவியும். பிறகு அடுத்த தை வரை ஒன்றும் வராது. ஆளுக்குச் சம்பளம் பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும். ஆகவே தொட்டி, தகடு போன்ற வழக்கமான ஃபைபர் வேலை ஒன்றைப் பக்கத்தில் ஓட்டுங்கள். இறக்கையை மட்டும் நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

6. நிலத்தில் வெட்டினால் நிலத்தைக் காப்பாற்றுங்கள்.

இறக்கையை நட்ட இடத்திலேயே ஓரளவு துண்டாக்கித்தான் ஏற்ற முடியும். கீழே தார்ப்பாய் விரியுங்கள். வைரத்தூள் பதித்த வட்டு மட்டும் போடுங்கள். சாதாரண வட்டைக் கண்ணாடி தின்றுவிடும். தண்ணீர் ஊற்றி ஊற்றி வெட்டுங்கள், அந்தத் தண்ணீரும் பாயிலேயே தேங்கட்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. செய்யாவிட்டால் தூள் கரிசலில் கலந்து அடுத்த வருஷம் உளுந்துச் செடிக்கு நடுவில் மினுங்கும், ஆட்டுக்காரர் உங்களைத் தேடி வருவார். காற்று அடிக்கும் நாளில் வெட்டவே வேண்டாம்.

7. அரிப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"ஃபைபர் வேலைன்னா அரிக்கத்தான்யா செய்யும்" என்று எங்கள் தலைமுறை சிரித்துக்கொண்டே சொல்லும். அரிப்பு வருவது பருமனான இழை தோலில் குத்துவதால். அது குளித்தால் போகும். முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி இழையைக் கழுவிவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள். துண்டால் அழுத்தித் துடைத்தால் இன்னும் உள்ளே ஏறும். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத தூளுக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002ல் இந்த வகை நீள இழையை, புற்றுநோய் தருமா தராதா என்று வகைப்படுத்த முடியாதவற்றின் வரிசையில் வைத்தது. இதைக் காட்டி "ஒண்ணும் செய்யாது" என்று ஆளை வேலைக்கு இறக்குவோர் உண்டு. அரவை இயந்திரத்தடியில் பறப்பது இழை மட்டும் இல்லை, ரெசின் தூள், பெயிண்ட் தூள் எல்லாம்தான். அது நுரையீரலுக்குள் போனால் குளித்து வராது.

மூக்கில் துண்டைக் கட்டுவது முகமூடி ஆகாது. வடிகட்டி பொருத்திய முகமூடி, கண்ணாடி, முழுக்கை தளர்ந்த சட்டை, அரவைக்குத் தூசி உறிஞ்சி. வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் குழந்தைக்கும் சேர்த்து அரிக்கும். இன்னொன்று. சல்லடை வேலைக்கு எப்போதும் பெண்களைத்தான் உட்கார வைப்பார்கள், கூலி குறைவு என்று. தூசி அதிகம் பறக்கும் இடமும் அதுதான். அந்த இடத்துக்கு முதல் முகமூடி போகட்டும். கூலியும் ஒத்த கூலியாக இருக்கட்டும்.

8. முழுசாக விற்க முடிந்ததை அரைக்காதீர்கள்.

என் மனதுக்குப் பிடித்த பகுதி இது. இறக்கையைச் செய்தவர் அதற்குள் வைத்த வலுவை, அரைத்தால் நீங்களே அழிக்கிறீர்கள். அடிப்பக்க உருளை கெட்டியான வார்ப்பு. போல்ட் பகுதியை அறுத்துத் தள்ளினால் கிணற்று உறை, மரத்தைச் சுற்றிய திண்ணை, தோட்டத்துத் தொட்டிச் சுவர் எதற்கும் ஆகும். நடுவில் நெடுக ஓடும் முதுகெலும்புப் பட்டை நேரானது, துருப்பிடிக்காது, கரையான் ஏறாது: மாட்டுக் கொட்டகைக்கு விட்டம், வேலிக்குக் கால். வளைந்த மேல் ஓடு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை.

ரோட்டர்டாமில் 2008லேயே பழைய இறக்கைகளைக் கொண்டு குழந்தைகள் விளையாட்டுத் திடல் கட்டினார்கள். டென்மார்க்கின் ஆல்போர்க் துறைமுகத்தில் ஓர் இறக்கைத் துண்டுதான் சைக்கிள் நிறுத்தக் கூரை. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் 2022ல் இறக்கைகளை விட்டமாக வைத்து நடைபாலமே போட்டார்கள். பாலத்துக்கு நீங்கள் இப்போதே ஆசைப்படாதீர்கள். அங்கே பல்கலைக்கழகத்துப் பொறியாளர்கள் வலுவைச் சோதித்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். மனிதர் தலைக்குமேலோ காலுக்குக் கீழோ வரும் எதையும் கட்டடப் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் விற்காதீர்கள். ஆடு மாட்டுக்கான கொட்டகையில் தொடங்குங்கள்; ஆட்டுக்கும் உயிர்தான், ஆகவே அங்கேயும் ஒழுங்காகச் செய்யுங்கள்.

தரம் பார்க்க எளிய வழி நாணயம். ஐந்து ரூபாய்க் காசால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்தால் நல்லது. பொத்தென்று வந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது, சாக்பீஸால் வட்டம் போட்டு அந்தத் துண்டை அரவைக்குத் தள்ளுங்கள். வெயிலில் வெளுத்து மாவு போல் உதிரும் மேல்தோலைத் தேய்த்துவிட்டு இரண்டு கை பெயிண்ட் அடித்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வாங்கியவர் கையெல்லாம் முள்.

9. அரைத்த தூளை மிகையாக விற்காதீர்கள்.

ஃபைபர் பட்டறைகளில் கால்சியம் பவுடருக்குப் பதிலாக இதைக் கொஞ்சம் சேர்க்கலாம். கொஞ்சம்தான். தூள் ரெசினைக் குடிக்கும், கலவை களியாகிவிடும், பிரஷ் ஓடாது. ஜெர்மனியில் எர்காம் என்ற நிறுவனம் 1990களில் வாகன உதிரிபாக ஃபைபரை முறையாகத் திரட்டி, அரைத்து, தரம் பிரித்து விற்றது. ஜெர்மானிய ஒழுங்கோடு நடத்தியும் நிற்கவில்லை, மூடிவிட்டார்கள். தொழில்நுட்பத்தில் குறையில்லை, சுண்ணாம்புத் தூள் அதைவிட மலிவு.

பேவர் பிளாக் போடுகிறவர்கள் வருவார்கள். கான்கிரீட்டின் காரம் சாதாரணக் கண்ணாடி இழையை மெல்ல அரித்துவிடும். அதைத் தாங்கத்தான் சிர்கோனியா சேர்த்த தனிக் கண்ணாடி செய்கிறார்கள், இறக்கையில் இருப்பது அது இல்லை. ஆகவே "இழை சேர்த்ததால் பலம் கூடும்" என்று சொல்லி விற்காதீர்கள். மணலில் ஒரு சின்னப் பங்குக்குப் பதில் என்று மட்டும் சொல்லுங்கள். ஐ.எஸ். 15658 சோதனையை 28 நாள் முடிந்த கல்லில் செய்து, சீட்டைக் கையில் கொடுங்கள்.

10. செங்கல் சூளைக்குக் கொடுக்காதீர்கள். எரியும் என்று கேட்டு வருவார்கள். அந்தச் சூட்டுக்குக் கண்ணாடி இளகிக் கல்லில் ஒட்டும். புகை ஊருக்குள் வரும். மாநகராட்சியின் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்கு இரவில் லாரி அனுப்புகிற யோசனையும் வேண்டாம்.

11. வெளிநாட்டுச் செய்தியைப் படியுங்கள், ஆனால் அதை நம்பி இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

2021ல் சீமென்ஸ் கமேசா, ரெசினைக் கரைத்துப் பிரிக்கக்கூடிய புது இறக்கையை அறிவித்தது. 2023ல் வெஸ்டாஸ், பழைய எபாக்ஸி இறக்கையையே வேதிமுறையில் பிரிக்கும் வழி கிடைத்துவிட்டதாகச் சொன்னது. நல்ல செய்திதான். முதலாவது இனிமேல் செய்யப்போகிற இறக்கைக்கு. கயத்தாறில் நிற்பதற்கு உதவாது. இரண்டாவது எபாக்ஸி இறக்கைக்கு, பாலியஸ்டருக்கு அல்ல. காற்றில்லாமல் சுட்டுப் பிரிக்கும் பைராலிசிஸ் இயந்திரத்தை விற்க ஆட்கள் இங்கேயே வருவார்கள். 500 டிகிரிப் பக்கம் சுட்டெடுத்த கண்ணாடி இழை பாதி வலுவைப் போல இழந்துவிடும். அந்த இழையை யார் வாங்குவார் என்று அவரிடமே கேளுங்கள். அப்புறம் அவர் பேச்சு மாறும்.

12. காசைத் தவணையாக வாங்குங்கள்.

கொடுப்பவரே காசும் தரும் தொழிலில் ஒரு கெடுதல் உண்டு: காசு முன்னால் வந்துவிடும், வேலை பின்னால் நிற்கும். வாங்கிக் குவித்துக்கொண்டே போகத் தோன்றும். டெக்சாஸின் ஸ்வீட்வாட்டர் ஊரில் மறுசுழற்சி செய்வதாகச் சொல்லிக் கொண்டுவந்த இறக்கைகள் ஆயிரக்கணக்கில் ஊரோரம் மலையாகக் கிடந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. நம் ஊரில் அப்படி ஒரு குவியல் தீப்பிடித்தால் கரும்புகையை அணைப்பதற்குள் ஊர் உங்களைத் துரத்திவிடும்.

ஆகவே ஒப்பந்தத்தை இப்படி எழுதுங்கள்: சரக்கு களத்துக்கு வந்ததும் பாதி, சிமென்ட் ஆலை எடை போட்டுப் பெற்றுக்கொண்ட சான்றையோ, துண்டு விற்ற பில்லையோ காட்டியதும் மீதி. களத்தில் ஒரு சீசன் சரக்குக்கு மேல் வைக்கமாட்டோம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். காற்றாலைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். நாளைக்கு வாரியம் கேட்டால் காட்ட அவருக்கும் தாள் வேண்டும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு கைக்கு வரும்வரை ஒரு இறக்கையைக்கூட இறக்காதீர்கள்.

13. கயத்தாறில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது, திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. போய்க் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். சிமென்ட் ஆலையில் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது கொள்முதல் அதிகாரியை அல்ல, ஆய்வக வேதியியலாளரை. அவர் வேண்டாம் என்றால் அங்கே கதை முடிந்தது. களத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்; மற்றதைப் பட்டறையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எனக்கு மோல்டு வேலை.